கீழே இறங்காமல் மேலே வந்தவன்

"என் வீட்டுக்காரர் வேலை தேடி ரஷ்யாவுக்கு ஓடிட்டாராம். சுரங்கத்துல சொல்றாங்க அக்கா. பாருங்க, அவர் வீட்டுலேருந்து போட்டுட்டுப் போன ஷூ, சுரங்கத்து அலமாரியிலேயே கிடந்துச்சு. இந்தப் பனியில சுரங்கத்து பூட்ஸோடயா ஓடுவாரு?"

புருல்ச்சா காலணிகளைக் காவல் நிலைய மேசைமேல் வைத்தாள். மலைமேல் இருக்கும் நிலக்கரிச் சுரங்கம் போன வாரம் சரிந்தது. அன்றிலிருந்து அவள் கணவன் முகாஷைக் காணவில்லை.

புலனாய்வு அதிகாரி சைரா காலணியின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். உதவியாளன் பெக்சுல்தான் முந்திக்கொண்டான்.

"சரிஞ்ச அன்னைக்கு விளக்கு வாங்கி உள்ளே போனவங்க பட்டியல், வெளியே வந்தவங்க பட்டியல், ரெண்டையும் கம்ப்யூட்டர்ல சேர்த்துப் பார்த்தாச்சு அக்கா. பேருக்குப் பேர் பொருந்துது. தலைக்கணக்கும் சரி."

"இதுல முகாஷ் எங்கப்பா?"

"இல்லையே... அன்னைக்கு வேலைக்கே வரலையோ என்னவோ."

"பொருந்தினவங்களை வெச்சுக்கிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டிருக்கே. ஜோடி இல்லாத பேரையும் விடாதே. ரெண்டு பக்கமும்."

மறுபடி சேர்த்தான். அடியில் இரண்டு வரிகள் புதிதாக முளைத்தன. முகாஷ் விளக்கு வாங்கியிருந்தான். வெளியேறிய கட்டம் வெறுமை. அஸ்கத் என்பவன் வெளியேறியிருந்தான். விளக்குக் கட்டம் வெறுமை. பெக்சுல்தானுக்குக் காது சுட்டது.

சுரங்க அலுவலகத்தில் மேஸ்திரி துர்துபெக்கையும் லாரி ஓட்டும் அஸ்கத்தையும் சைரா எதிரே உட்காரவைத்தார்.

"விளக்கு இல்லாம யாரும் கீழே இறங்க முடியாது. அப்போ நீ இறங்கவே இல்ல. இறங்காதவன் எப்படிடா மேல வந்தே?"

அஸ்கத் மேஸ்திரியைப் பார்த்தான். "மச்சான்தான் கையெழுத்துப் போடச் சொன்னாரு. ஒரு ஆள் குறையுதுன்னாரு."

"குறைஞ்சா தேடணும். தேடினா சுரங்கத்தை மூடிருவாங்க. அதுக்குத்தான் இவன் பேரு," என்றார் சைரா.

"ஊரே பட்டினி கிடக்கும் அக்கா!" துர்துபெக் கத்தினான். "கல்லு விழுந்த உடனே அவன் செத்திருப்பான். தேடி என்ன ஆகப்போகுது?"

மாலைக்குள் சரிவைத் தோண்டித் திறந்தார்கள். பெக்சுல்தான் உள்ளே போய்விட்டு வந்தான். வாசலில் புருல்ச்சா நின்றாள். பக்கத்தில், விலங்கிட்ட கைகளுடன் துர்துபெக்.

"உடனே போயிட்டாரா தம்பி?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் முகாஷின் மேல் ஒரு கல்லும் விழுந்திருக்கவில்லை. அவன் பெயர்த்த கற்கள் முதுகுக்குப் பின்னால் குவிந்திருந்தன. விரல்களில் நகமே இல்லை. இன்னும் ஒரு முழம் பெயர்த்திருந்தால் வெளியே வந்திருப்பான்.

பெக்சுல்தான் சைராவைப் பார்த்தான். அந்தப் பொய்க்கு அவர் தலையசைக்கவில்லை.

"இல்லைக்கா," என்றான். "வீட்டுக்கு வரத்தான் தோண்டிக்கிட்டே இருந்திருக்கார்."