டமாரத்தின் கடைசிப் பாட்டு

டமாரம் இறந்துபோன பிறகு அவளுக்கு நெருங்கிய தோழிகள் கூடிக்கொண்டே போனார்கள். சில்லுவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

உயிரோடு இருந்தபோது டமாரத்தின் பக்கத்தில் உட்கார யார் வந்தார்கள்? பெஞ்சு, தண்ணீர் பாட்டில், முன்னால் இருப்பவரின் முதுகு என்று எதையாவது தட்டிக்கொண்டே இருப்பாள். அதனால்தான் அந்தப் பெயர். தட்டித் தட்டியே தேவாலயத்தில் பாடப் புதுப்புதுப் பாட்டுகள் கட்டுவாள். அவற்றை முதலில் கேட்பது சில்லுதான். மெல்லிசான, கூர்மையான குரல் என்பதால் இவள் சில்லு.

போன மாதம் டமாரத்துக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், அவள் கடைசியாகக் கட்டிய பாட்டை அவள் நினைவாகப் பாடப் போகிறார்கள். "அது எனக்கு மட்டும்தான் தெரியும்" என்று சில்லு ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை பயிற்சியில் பாட்டு மாஸ்டர் கேட்டார்: "அந்தப் பாட்டு யாருக்குத் தெரியும்?"

சில்லு கையைத் தூக்கினாள். பின்வரிசையில் இன்னொரு கையும் எழுந்தது. கண்ணாடி! மூக்குக்கண்ணாடி போட்ட, டமாரத்தோடு பள்ளி பஸ்ஸில் வந்த பையன்.

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்று திரும்பிக் கேட்டாள் சில்லு.

"அவதான் சொல்லிக்கொடுத்தா. பஸ்ல."

சில்லுவுக்கு வயிறு எரிந்தது. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! இறந்துபோன தோழிமேல் கோபப்படலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் கோபம் கோபமாக வந்தது.

"ரெண்டு பேரும் பாடுங்க. நல்லாத் தெரிஞ்சவங்க நாளைக்குப் பாடலாம்" என்றார் மாஸ்டர்.

சில்லு முந்திக்கொண்டாள்.

"கதவு திறந்தது, வெளிச்சம் வந்தது..."

இதற்குப் பிறகு நான்கு தட்டு தட்டும் நேரம் சும்மா இருக்க வேண்டும். "இந்த இடத்துல வாயைத் திறந்தே, அடி விழும்!" என்று டமாரம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆனால் இத்தனை பேர் முன்னால் சும்மா நிற்கச் சில்லுவுக்கு வெட்கமாக இருந்தது. "லல்லல்லா லல்லா" என்று போட்டு நிரப்பிவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்து கண்ணாடி. வாயே திறக்காமல் நின்றான்.

"டேய், தூங்கிட்டியா?" என்றது ஒரு குரல்.

"ஆண்டவர் வந்ததும் பயம் பறந்தது" என்று பாடினான். உடனே நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி. மறுபடியும் நிறுத்தம். அறையே சிரித்தது.

"மறக்கல மாஸ்டர். அவ இப்படித்தான் நிறுத்தச் சொன்னா." கண்ணாடியின் காது சிவந்துவிட்டது.

"பரவாயில்லப்பா. சில்லுவே பாடட்டும்."

ஜெயித்தாயிற்று! சில்லுவுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் கண்ணாடியின் விரலைப் பார்த்தாள். இன்னமும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதே நான்கு தட்டு.

அவன் நிறுத்திய இடத்தில் தன் வரியை மனத்துக்குள் பாடிப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

இது வேறு யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் பாட்டு சில்லுவுக்கே. டமாரமும் சில்லுவுக்கே. ஆனால் நாளைக்கு முதல் வரிசையில் டமாரத்தின் அம்மா உட்கார்ந்திருப்பார். மகள் கட்டிய பாட்டு என்று நினைத்து லல்லல்லாவைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"மாஸ்டர்," என்றாள் சில்லு. குரல் இன்னும் மெல்லிசாகிவிட்டது. "அவன் மறக்கல. லல்லல்லா நானா போட்டது. அவன் பாடுற இடத்துல நான் சும்மா இருக்கணும்."

இருவரும் சேர்ந்து பாடினார்கள். அவள் வரி முடிந்ததும் அவன் வரி வந்தது. அவன் நிறுத்தியதும் அவள் தொடங்கினாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"என்கிட்ட ஏன்டா அவ சொல்லல?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"ரெண்டு பேரையும் சேர்த்துப் பாட வைக்கிற அன்னிக்குத்தான் உன்கிட்ட சொல்லணும்னு அவ சொல்லியிருந்தா. முன்னாடியே சொன்னா நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவியாம். உள்ள சொல்ல வந்தேன், அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

சில்லு அவனை முறைத்தாள். முறைத்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டுக்கூடத் தப்பாமல் பாடினார்கள். ஆராதனை முடிந்ததும் டமாரத்தின் அம்மா வந்து சில்லுவைக் கட்டிக்கொண்டார்.

"நீதாம்மா அவளுக்கு எல்லாமே. எனக்காக இன்னொரு தடவை பாடுறியா?"

இதைக் கேட்கத்தானே சில்லு ஒரு மாதமாக ஏங்கினாள்! ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்படியே நின்றாள்.

"தனியா பாட முடியாது ஆன்ட்டி. இருங்க, அவனைக் கூட்டிட்டு வர்றேன்."

"டேய் கண்ணாடி, நில்லுடா!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.