விரிப்பு மூலையில் முடிச்சு

இதைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. அக்கா சொல்லும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று மாறிவிடுகிறது. விரிப்பு நீலம் என்பாள், பிறகு வெள்ளை என்பாள். மாறாதது ஒன்றுதான். அன்று காலை வந்த முடிச்சின் வால் தப்பான பக்கம் பார்த்துக் கிடந்தது.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே பகலிலும் டியூப்லைட்தான். மேல்மாடிகளில் எடுத்த படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக ஒரு தகரக் குழாய்க்குள் வழுக்கி வந்து கூடையில் விழும். விழும் சத்தத்தை வைத்தே எந்த மாடி என்று சொல்லிவிடுவாள். தனியறை மாடித் துணி சத்தமே இல்லாமல் வரும். அழுக்குப் படுவதற்குள் மாற்றிவிடுவார்கள், சலவை வாசனைகூடப் போயிருக்காது. பொது வார்டுத் துணி வியர்வையும் மருந்தும் குடித்துக் கனத்து, தகரத்தில் இடித்து இடித்து, ஆள் விழுவதுபோல விழும்.

மாமா, அக்காவின் வீட்டுக்காரர், அதே மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளினார். ஒப்பந்த ஆள். நிரந்தர ஊழியர்களுக்கு உடம்பு முழுக்க மூடும் உடுப்பு வந்தது. இவர்களுக்கு ஆளுக்கொரு துணி மாஸ்க். அவருக்கே தொற்று வந்தபோது வார்டில் கட்டில் இல்லை. வார்டுக்கு வெளியே, அதே மாடி நடைபாதையில், தரையில் விரிப்புப் போட்டுப் படுக்க வைத்தார்கள். அந்த நடைபாதையிலிருந்த ஆக்சிஜன் சிலிண்டர்களைச் சில நாட்களுக்கு முன் தனியறை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனவரே அவர்தான்.

சலவைக்கூடத்து ஆட்கள் மேலே போகக்கூடாது; போனால் வேலை போய்விடும். மாமாவின் போன் படுத்த அன்றே காணாமல் போயிருந்தது. அதனால் அவர் வார்டு ஆயாவிடம் ஒரு வழி சொல்லி அனுப்பினார். காலையில் விரிப்பு மாற்றும்போது மூலையில் ஒரு முடிச்சுப் போட்டு அனுப்புவார். முடிச்சு வந்தால் மூச்சு இருக்கிறது.

முடிச்சோடு துணியை மெஷினில் போட்டால் உள்ளே அழுக்கு அப்படியே தங்கிவிடும். ஆகவே அவிழ்த்தே ஆகவேண்டும். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு அவிழ்ப்பாள்.

"என்னம்மா, நகை டப்பாவா திறக்கறே? சீக்கிரம்" என்பார் சூப்பர்வைசர்.

துவைத்த துணி வாங்க வேலையாட்களின் லிஃப்டில் ஆயா இறங்கி வருவாள். லிஃப்டை விட்டு வெளியே வரமாட்டாள். கதவில் நின்றே பேச்சு.

"உன் வீட்டுக்காரருக்கு மூச்சுத்தான் வாங்குது, வாய் குறையல. 'நல்லா அவிழ்க்கட்டும், என் சட்டைக்கு ஒரு பட்டனாவது தைச்சுக் குடுத்திருப்பாளா'ங்கறாரு."

"பிச்சுக்கிட்டு வர்றது அவரு, தைக்கிறது நானா? நேர்ல வந்து கேக்கச் சொல்லுங்க."

மாமாவுக்கு இடது கைப் பழக்கம். அவர் போடும் முடிச்சின் வால் இடப்பக்கம் சாயும். வலப்பக்கம் சாய்ந்த அந்த ஒன்றைப் பார்த்ததும் அக்கா சமாதானம் தேடினாள். இடது கையில் ட்ரிப்ஸ் ஏற்றியிருப்பார்கள். அவ்வளவுதான்.

ஆனால் அடுத்து வந்தது நூல் கட்டுவதில் பழகிய கை போட்டது. சின்னதாக, பிரிக்கவே முடியாமல். அதற்குப் பிறகு வந்ததில் பல் பதிந்திருந்தது, கையில் பலமில்லாத ஒருவர் கடித்து இழுத்ததுபோல. கடைசியாக ஒரு நாள் காலை வந்தது வெறும் சுருக்கு. தொட்டதும் அவிழ்ந்தது.

அன்று ஆயா வந்தபோது அக்கா லிஃப்ட் கதவை மூடவிடாமல் காலை வைத்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. அவருதான் போடறாரா?"

மெஷின் சுற்றி முடித்து நின்றது. ஆயா தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"அவரு போயி நாளாச்சு, தங்கம். 'தெரிஞ்சா மேல ஓடி வந்துடுவா, நோயும் வரும், வேலையும் போயிடும், பிறகு யாரு பாப்பா'ன்னு பக்கத்துல படுத்திருந்த வாத்தியார்கிட்ட முடிச்சுப் போடச் சொல்லிக் கேட்டுக்கிட்டாரு. வாத்தியார் போகும்போது தையல்காரர்கிட்ட சொன்னாரு. அவரு அடுத்த ஆள்கிட்ட."

"ஆபீஸ்ல ஒரு வார்த்தை..."

"கட்டில் நம்பர் இல்லாதவங்களைப் பத்தி அவங்க யாருக்கும் சொல்றதில்லம்மா."

அக்கா அழவில்லை. கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்கப்போகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"இன்னைக்குக் காலையில வந்ததை யார் போட்டது?"

ஆயா நிமிர்ந்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்.

"இன்னைக்கா? நடைபாதையில யாரும் இல்லையே. கடைசியா இருந்த அம்மாவும் முந்தாநாளே போயிட்டாங்க. மருந்தடிச்சுப் பூட்டிட்டாங்க. அங்கேயிருந்து துணியே வராதே."

அக்காவின் முதுகுக்குப் பின்னால் தகரக் குழாய் அதிர்ந்தது. கதவிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

மேலே எங்கோ ஆரம்பித்த சத்தம், மாடி மாடியாக, அவசரமே இல்லாமல், இடித்து இடித்து இறங்கியது. ஆயா லிஃப்ட் பித்தானை அழுத்தினாள். கதவு மூடியது. அக்கா மட்டும் நின்றாள்.

கூடையில் விழுந்தது மூட்டை அல்ல. ஒரு விரிப்பு. அதன் மூலையில் அடுத்த விரிப்பின் மூலை முடிச்சிடப்பட்டிருந்தது. அதன் மூலையில் அடுத்தது. கூடை நிறைந்தது. தரையில் வழிந்தது. இன்னும் வந்தது. பிளீச்சிங் பவுடர் நெடியை அமுக்கிக்கொண்டு காய்ச்சல் வாடை எழுந்தது. வாடி, புளித்து, பல பேர் வாயிலிருந்து வரும் வாடை.

அவள் ஒரு முடிச்சைத் தொட்டாள். ஈரம். வெதுவெதுப்பு. யாரோ வாயருகே வைத்து ஊதியதுபோல.

அவிழ்த்தாள். அடுத்ததை அவிழ்த்தாள். அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது.

பிறகு வருவது நின்றது.

குழாய் வாயிலிருந்து தொங்கிய துணி மெல்ல விறைத்தது. ஒரு சாண் மேலே ஏறியது. நின்றது. மூச்சு வாங்குவதுபோல. மறுபடி ஏறியது.

மேலே இழுக்கிறார்கள்.

அக்கா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். விடவில்லை. சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ஓடி வந்தபோது அவள் தோள்வரை குழாய்க்குள் போயிருந்தாள். அவர் கத்தரிக்கோலால் துணியை வெட்டினார். வெட்டுண்ட நுனி, ஆடாமல், ஒரே சீராக மேலே போவதை அவரும் பார்த்தார். நடைபாதையைப் பூட்டிய அந்த மாடிவரை தகரம் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அங்கே, பல தொண்டைகள் ஒன்றாக, இருமின.

சூப்பர்வைசர் அந்த வாரமே வேலையை விட்டார். குழாயின் வாயைத் தகரம் வைத்து அடைத்தார்கள். ஆயா காய்ச்சலில் படுத்தாள். அவளுக்கும் கட்டில் கிடைக்கவில்லை, இறந்துவிட்டாள். தனியறை மாடியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குணமாகி வீட்டுக்குப் போனார்கள். நடைபாதையில் படுத்தவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. அக்கா என்னோடு இருக்கிறாள். வலது தோள் இன்னும் சரியாகத் தூக்க வராது. மாமாவை எரித்தார்களா, புதைத்தார்களா, எங்கே என்று இதுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.