பம்பரத்தின் கோடு படுத்துவிட்டது

சிட்டுவின் இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு பட்டை இருந்தது. பார்த்தால் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். ஆனால் மணி காட்டாது. ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்கும், அவ்வளவுதான்.

வகுப்பில் அதைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை.

"இதுக்குள்ள சென்சார் இருக்கு. நான் கையை அசைச்சா அது குறிச்சு வச்சுக்கும். மூக்கைச் சொறிஞ்சாக்கூட அதுக்குத் தெரியும்" என்பாள் சிட்டு.

"தூங்கும்போது?"

"தூங்கறேன்னு குறிச்சுக்கும்."

சிட்டுவுக்கு ஒன்பது வயது. அவள் பிறந்த சமயத்தில் மூளையில் ஒரு சின்ன இடத்தில் காயம் பட்டுவிட்டது. பெருமூளை வாதம் என்று டாக்டர்கள் அதற்குப் பெயர் சொன்னார்கள். அதனால் அவளுடைய இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சை உடனே கேட்காது. கொஞ்சம் முரண்டு பிடிக்கும். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் பள்ளி விட்டதும் அம்மா அவளைச் சிகிச்சை மையத்துக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போவாள்.

பட்டைகளைக் கொடுத்தது அங்கே இருக்கும் தெரபி அக்கா.

"இங்க அரைமணி நேரம் நீ இடது கையை நல்லாத்தான் உபயோகிக்கிற. வீட்டுக்குப் போனா என்ன பண்றேன்னு எனக்கு எப்படித் தெரியும்? உன் பின்னாடியே நான் வர முடியுமா? அதான் இது" என்றாள் அக்கா.

சிட்டுவுக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பியிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருப்பது அதுதான் முதல் தடவை.

தம்பி அவளுக்கு ஐந்தே நிமிடம் இளையவன். இரட்டையர்கள். எல்லாரும் அவனைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். சைக்கிள், மரம் ஏறுவது, மாடிப்படியில் இரண்டு இரண்டாகத் தாவுவது எல்லாமே முதலில் அவனுக்குத்தான் வந்தது. சிலது சிட்டுவுக்கு வரவே இல்லை.

வழக்கமாக அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் அம்மா கிளம்புவாள். ஒரு திங்கட்கிழமை அந்த வீடு பூட்டியிருந்ததால் அவனும் கூட வந்தான். வந்தது வினையாகப் போயிற்று.

"அட, ரெட்டைப் பிள்ளைங்களா!" அக்காவின் கண் விரிந்தது. "ஒரே வயசு, ஒரே வீடு, ஒரே வகுப்பு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஆள் எங்க கிடைப்பாங்க? தம்பியும் ஒரு வாரம் கட்டிக்கட்டுமே!"

பம்பரம் துள்ளிக் குதித்தான். அவன் மணிக்கட்டிலும் இரண்டு பச்சைப் புள்ளிகள் மினுக்கின. சிட்டுவின் வயிற்றில் ஏதோ குப்பென்று பற்றிக்கொண்டது.

மறுநாள் வகுப்பில் எல்லாரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். "அவளுக்கு மட்டும்தான் கட்டுவாங்கன்னு நினைச்சோம், உனக்கும் உண்டா?" என்று கேட்டார்கள். சிட்டு சட்டைக் கையைக் கீழே இழுத்துத் தன் பட்டைகளை மறைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அக்கா பட்டைகளைக் கம்ப்யூட்டரில் இணைத்தாள். திரையில் கோடுகள் ஏறி இறங்கின. சிட்டுவின் வலது கைக் கோடு சின்னச் சின்னக் குன்றுகளாக இருந்தது. இடது கைக் கோடு எறும்புப் புற்றுகளாக இருந்தது. பம்பரத்தின் இரண்டு கோடுகளும் மலைத்தொடர்!

"அடேயப்பா! நீ உட்காரவே மாட்டியா?" என்று அக்கா சிரித்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். "நம்ம வீட்டுக்குள்ள ஒரு மலைத்தொடர் இருக்காமே! எங்கே, கையைக் காட்டு!"

சிட்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

"ஏன் கண்ணு?" என்றாள் அம்மா.

"பசிக்கலை."

உண்மையில் பசித்தது. அதற்கும் தம்பிமேல்தான் கோபம் வந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பம்பரம் குளிக்கப் போனான். குளிக்கும்போது பட்டைகளைக் கழற்றி அலமாரி மேல் வைக்க வேண்டும். வைத்துவிட்டுப் போனான். அம்மா வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

சிட்டு பட்டைகளை எடுத்தாள்.

எங்கே ஒளிப்பது? கூடத்து அலமாரியில் பழைய சாவிகளும் பட்டன்களும் போடும் டப்பா ஒன்று இருந்தது. திருகு மூடி. அவள் வலது கையால் திருகினாள். டப்பாவும் சேர்ந்து சுற்றியது. முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு திருகினாள். வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பிடி" என்று இடது கையிடம் சொன்னாள். அது கேட்கவில்லை. விரல்கள் மடங்கியே இருந்தன. வலது கையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து டப்பாவைச் சுற்றி வைத்தாள். டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி திருகினாள். நழுவியது. மறுபடி பிடித்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் முடிக்க வேண்டும்! நெற்றி வியர்த்தது.

'டக்' என்று திறந்தது. பட்டைகளை உள்ளே போட்டு, அதே பாடுபட்டு மூடினாள்.

சற்று நேரத்தில் வீடு இரண்டுபட்டது.

"அம்மா! என் பட்டையைக் காணோம்!"

பம்பரம் கட்டிலுக்கு அடியில் தேடினான். ஷூவுக்குள் தேடினான். பிரிட்ஜைக்கூடத் திறந்து பார்த்தான்.

"வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்காதா? அது நம்ம சொந்தமாடா? இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது!" அம்மா திட்டினாள்.

"அங்கதாம்மா வச்சேன்..." அவன் குரல் உடைந்தது.

முதலில் சிட்டுவுக்கு இனித்தது. மத்தியானம் அவன் விளையாடப் போகாமல் மூலையில் உட்கார்ந்திருந்தபோது அந்த இனிப்பு எங்கேயோ போய்விட்டது. அவன் கால்கூட ஆடவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு, யாரும் இல்லாத நேரம் பார்த்து, மறுபடி டப்பாவோடு மல்லுக்கட்டிப் பட்டைகளை எடுத்தாள். அவற்றை அவன் பள்ளிப் பைக்குள் போட்டாள். பட்டைகள் கிடைத்துவிட்டன. திட்டு மட்டும் அவனுக்கு இன்னொரு முறை கிடைத்தது.

திங்கட்கிழமை. அக்கா திரையைப் பார்த்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"சிட்டு! இங்க வா. இது உன் இடது கை. சனிக்கிழமை, பத்தேகால் மணி. பாரு, மலை! ஆறு மணிக்கு இன்னொரு மலை! இத்தனை மாசத்துல நான் பார்த்ததே இல்லை. என்ன பண்ணின?"

அம்மா எழுந்து வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள். சிட்டுவின் காது சுட்டது.

"படம்... வரைஞ்சேன்."

"இடது கையாலயா?"

"உன் கலர் பெட்டி அன்னிக்கு வெளியவே வரலையே?" என்றாள் அம்மா.

சிட்டு சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அக்கா அடுத்த கோட்டுக்குப் போனாள். பம்பரத்தின் கோடு பத்து மணிக்குச் சட்டென்று படுத்துவிட்டது. ஆறு மணிவரை எழுந்திருக்கவே இல்லை.

"தொலைச்சுட்டான் மேடம். சாயங்காலம்தான் கிடைச்சுது" என்றாள் அம்மா.

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "ஒரு நாளே போச்சே. பத்திரமா வச்சுக்க முடியலைன்னா பரவாயில்லைப்பா. வேற பிள்ளையைப் பார்த்துக்கறேன். நீ கழட்டிக் கொடுத்துடு."

சிட்டு ஆசைப்பட்டது அதுதானே? இதோ நடக்கிறது.

பம்பரம் பட்டைகளை இறுகப் பிடித்துக்கொண்டான். "ப்ளீஸ் அக்கா. இது இருந்தாத்தான் என்னையும் இங்க கூட்டிட்டு வருவாங்க. இல்லாட்டி பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போயிடுவாங்க. எப்பவும் அம்மாவும் அவளும் மட்டும்தான் பஸ்ல போவாங்க."

சிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். இவனுக்குமா வயிறு எரியுது? இவனுக்கு என்னைப் பார்த்தா?

"அவன் தொலைக்கலை" என்றாள்.

அக்கா திரையிலிருந்து திரும்பினாள்.

"நான்தான் ஒளிச்சு வச்சேன். சாவி டப்பாக்குள்ள. அது திறக்கவே மாட்டேன்னுச்சு. பத்தேகால் மணிக்கு அதைத்தான் பண்ணினேன். ஆறு மணிக்கும் அதைத்தான்."

அம்மாவின் கை அவள் தோளிலிருந்து நழுவியது. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

"நீயா? நான் பிரிட்ஜுக்குள்ளகூடத் தேடினேன்!" என்று கத்தினான் பம்பரம்.

"பார்த்தேன்" என்றாள் சிட்டு. அழுகை வந்தது. "உனக்கும் கட்டினது எனக்குப் பிடிக்கலை. எல்லாமே உனக்கு இருக்கு. இது ஒண்ணுதான் எனக்கு மட்டும் இருந்துச்சு. மன்னிச்சுக்கோடா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா திரையைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். படுத்துக் கிடந்த கோட்டின் ஆரம்பத்தில் ஒரு குட்டி நெளிவு இருந்தது.

"அப்போ இது, டப்பாக்குள்ள குலுங்கினதா?"

சிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினாள்.

"அம்மாகிட்டயும் தம்பிகிட்டயும் திட்டு வாங்குறது உன் பாடு. எனக்கு ஒண்ணு காட்டு." அக்கா மேசை மேலிருந்த பசை டப்பாவை நீட்டினாள்.

சிட்டு விரல்களைப் பிரித்தாள். நெஞ்சோடு அணைத்தாள். திருகினாள். பம்பரம் ஓரக்கண்ணால் பார்த்தான். அவனுக்கு ரொம்ப நேரம் ஓரக்கண்ணாலேயே பார்க்க வராது. முழுசாகத் திரும்பிவிட்டான்.

"இரு, இரு. எந்தச் சாவி டப்பா? கூடத்துல இருக்கறதா?"

"ஆமா."

"அதை என்னாலயே திறக்க முடியாதே! அப்பாதானே திறப்பார்!"

சொன்ன பிறகுதான் அவனுக்குக் கோபம் ஞாபகம் வந்தது. ஆனால் அம்மா சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்துவிட்டாள்.

சனிக்கிழமைக் கணக்கு கெட்டுவிட்டதால் இருவரும் இன்னொரு வாரம் பட்டை கட்ட வேண்டியதாயிற்று. அக்கா பயிற்சித் தாளில் 'மணி கோப்பது' என்பதை அடித்துவிட்டு 'மூடி திறப்பது' என்று எழுதினாள். மூன்று நாள் பம்பரம் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் ஒரு ஜாம் பாட்டிலைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். "சும்மா நிக்காதே, திற" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை சிட்டுவின் இடது கைக் கோடு ஒரு விரல் அளவு ஏறியிருந்தது. பம்பரத்தின் கோடு போன வாரம் போலவே இருந்தது.

"அவ மட்டும் ஏறிட்டா. நான் ஏறவே இல்லையே!" அவன் முகம் தொங்கிப்போனது.

அந்த முகத்துக்கு உள்ளே எப்படி எரியும் என்று சிட்டுவுக்கு நன்றாகத் தெரியும். பேருந்தில் ஏறியதும், எப்போதும் தான் உட்காரும் ஜன்னல் ஓரத்தைக் காட்டி, "நீ உட்காரு" என்றாள்.

அவன் சந்தேகமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். இரண்டு நிறுத்தம் தாண்டவில்லை.

"ஐயோ, அங்க பாரு! கிரேன் ஒரு லாரியவே தூக்குது!"

சிட்டு எட்டி எட்டிப் பார்த்தாள். அவன் தலைதான் தெரிந்தது. வயிற்றில் மறுபடியும் லேசாகப் பற்றிக்கொண்டது.

"தள்ளி உட்காருடா" என்றாள்.

அவன் தள்ளி உட்கார்ந்தான். ஒரே ஜன்னலில் இரண்டு மூக்குகளும் ஒட்டிக்கொண்டன.