வாலுவின் தட்டு

போன் அலறியது!

நாய் டாக்டரம்மா திரையைப் பார்த்தாள்.

'வாலு வீடு'!

வாலு... போன மாதம் இதே மேஜையில், அவள் கண்ணெதிரே துடித்துச் செத்த நாய். "எதையாவது தின்னிருக்குமோ?" என்று அதை வளர்த்தவள் கதறினாள். "ஒண்ணும் தின்னலை" என்று அவள் கணவன் அடித்துச் சொன்னான். டாக்டரம்மாவும் நம்பித் தொலைத்தாள். அன்றிலிருந்து, வாலு மேஜையைப் பிறாண்டிய சத்தம் அவள் காதை விட்டுப் போகவே இல்லை.

இப்போதும் கேட்டது... கர்ர்க்... கர்ர்க்...

"ஹலோ?"

"டாக்டர்! நாய் எலி மருந்தைத் தின்னுடுச்சு!" வாலுவை வளர்த்தவளின் கணவன் பதறினான்.

"எந்த நாய்? வாலுதான் செத்துப்போச்சே!"

"இது... இது புதுசு! உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கவா?"

"ஐயய்யோ, வேண்டவே வேண்டாம்! அந்த உப்பே உயிரை எடுத்துடும். நீங்களா எதையும் குடுக்காதீங்க. மருந்து பாக்கெட்டைத் தூக்கிப் போடாம பத்திரமா வைங்க. எடை எவ்வளவு?"

எடை தெரியாமல் அவள் எந்த ஊசியையும் தொட மாட்டாள்.

"எழுபது கிலோ."

"நாயா, கன்னுக்குட்டியா?"

"விளையாடாதீங்க டாக்டர்! வயிறெல்லாம் எரியுதாம்!"

"எரியுதாமா...? நாய் சொல்லுச்சா?"



பிறாண்டல் சட்டென்று நின்றது! டாக்டரம்மாவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. கம்பவுண்டருக்குச் சைகை காட்டினாள். அவர் இன்னொரு போனோடு வெளியே ஓடினார்.

"தின்னது நீங்கதானே? உண்மையைச் சொன்னாத்தான் பிழைப்பீங்க!"

"சூப்புல கலந்தேன்... என் பொண்டாட்டிக்கு..." அழுதுவிட்டான்.

"படுபாவி! வாலுவுக்கும் நீதானா?"

"வேலை செய்யுதான்னு பார்க்க..."

டாக்டரம்மா வாலு கிடந்த மேஜையைப் பார்த்தாள். பாவம், அந்த வாயில்லா ஜீவன்!

"அந்தம்மா குடிச்சாங்களா?"

"ஒரு சொட்டு கூட இல்லை! வாலு போனதிலேர்ந்து அவ சரியா சாப்பிடறதே இல்லை. மிச்சத்தை எப்பவும் வாலு தட்டுலதான் ஊத்துவா. இப்பதான் வாலு இல்லையே... சுட வெச்சு எனக்கு ஊத்திட்டா! குடிச்சு முடிச்சப்புறம்தான் அது அவளோட சூப்புன்னு சொன்னா!"

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கென்ன?"

"போனா... போலீஸ் வருமே டாக்டர்!"

கம்பவுண்டர் திரும்பி வந்து கட்டை விரலை உயர்த்தினார்.

"கவலைப்படாதீங்க. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. கண்டிப்பா பிழைச்சுக்குவீங்க. பின்னாடியே போலீசும் வருது!"

"ஐயோ... டாக்டர்!"

"இன்னொண்ணு..." டாக்டரம்மா பல்லைக் கடித்தாள். "மோப்ப நாயோட வர்றாங்க. பழக்க தோஷத்துல அதுக்கும் எதையாவது கலந்து வெச்சுடாதீங்க!"