பத்தில் ஏழு பங்கு

பிலோமினா பல் துலக்கிக்கொண்டிருந்தபோது முன்பின் தெரியாத ஒரு பெண் அவளைத் திட்ட ஆரம்பித்தாள். தினமும் நடப்பதுதான்.

"ஏம்மா, தலைய வச்சதும் தூக்கம் வரும்னு சொன்னியே! ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருக்கேன். நீ நல்லா இருப்பியா?"

"அந்தத் தலகாணிய நான் செய்யலம்மா. விளம்பரம் மட்டுந்தான் நான்."

"குரல் உன்னுதுதானே? அப்ப நீயே வாங்கிக் கட்டிக்கோ!"

செவ்வாய்க் கோளின் செங்குன்றக் குடியிருப்பில் சுவரொட்டி கிடையாது, விளம்பரத் திரை கிடையாது. பிறந்த குழந்தைக்குக் காதின் பின்புறம் பொருத்தப்படும் செவிமணியில்தான் எல்லா விளம்பரமும் ஒலிக்கும். வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால், விளம்பரத்தில் பேசிய குரலுக்கு உரியவரை அழைத்துத் திட்டிக்கொள்ளலாம். இதற்காகக் காலையில் வசைநேரம் என்று ஒதுக்கியிருந்தார்கள். அப்போது செவிமணியை அணைக்க முடியாது. வசை அளவு மீறினால் குரல் உரிமம் பறிபோகும். பொருளைச் செய்தவரை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். அவர் அந்நேரம் நிம்மதியாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பிலோமினாவுக்குக் கடைசி எச்சரிக்கை வந்துவிட்டது.

தன் விளம்பர அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பையை மேசைமேல் எறிந்தாள். கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளும் கோதண்டம் தலையை நிமிர்த்தினார்.

"இன்னிக்கு எந்தப் பொருளும்மா?"

"தலகாணி. போன வாரம் அடிப்பிடிக்காத சட்டி. அதுக்கு முன்னாடி முடி வளர்ற தொப்பி. எனக்கு வெறுத்துப்போச்சுண்ணே! சோதனை அறிக்கை கேட்டா போலியா அடிச்சுக் கொண்டாந்து நீட்டுறாங்க. பட்டறையப் பார்க்கணும்னா, 'நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்'ங்கறாங்க. அந்த நாளை வரவே மாட்டேங்குது."

"அதான் வாசல்லயே ஆளைக் கண்டுபிடிச்சுடலாமேம்மா. முன்னாடி விளம்பரம் செஞ்சு கொடுத்த கம்பெனியெல்லாம் திருட்டுப் பயலுகன்னு சொல்றவன், 'முதல்ல காசில்லாம ஒரு விளம்பரம் செஞ்சு காட்டுங்க, அப்புறம் வருஷம் பூரா உங்களுக்குத்தான்'னு ஆசை காட்டுறவன்..."

"அவங்களைத்தான் அனுப்பிட்டோமே. இந்தத் தலகாணிக்காரர் ஒண்ணும் சொல்லலியே. கையெடுத்துக் கும்பிட்டுட்டு, 'உங்களை நம்பித்தாம்மா வந்திருக்கேன்'னாரு. நான் ஏமாந்துட்டேன்."

அன்றே அவள் ஒரு முடிவெடுத்தாள். இனி மனித வாடிக்கையாளர் யாரும் வேண்டாம்.

செங்குன்றத்தில் எந்திரர்களும் தொழில் நடத்தினார்கள். அவர்களுடைய மூளையில் பொய்த்தடை என்றொரு சில்லு உண்டு. உண்மைக்கு மாறாக ஒரு சொல் உருவானால் வாய் இயங்காது. அப்படிப்பட்டவர்களில் ஒருவரான நிறைகோல் என்ற எந்திரர், சிறிது நாளில் அவளைத் தேடி வந்தார். வீட்டுக்குள் புகும் செம்மண் தூசியைத் தடுக்கும் வடிப்பானைச் செய்பவர்.

"எங்கள் வடிப்பான் பத்தில் ஏழு பங்கு தூசியைத் தடுக்கும்," என்றார் நிறைகோல். "மீதி மூன்று பங்கு உள்ளே வரும். குறட்டை போல் சத்தம் எழும். நிறம் சிலருக்குப் பிடிக்காது. பட்டறையை இப்போதே பார்க்கலாமா?"

பிலோமினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டறையைப் பார்த்தாள். தானே தூசி ஊதிச் சோதித்தாள். சரியாக ஏழு பங்கு. சொன்னது சொன்னபடியே விளம்பரமும் தயாரானது. தன் குரலிலேயே பேசினாள்: "பத்தில் ஏழு பங்கு தூசியைத் தடுக்கும். கொஞ்சம் சத்தம் போடும்."

பழைய வாடிக்கையாளர்களின் விளம்பரங்களை நிறுத்தினாள். கொஞ்சம் கொஞ்சமாக வசை குறைந்து, ஒருநாள் முற்றிலும் நின்றது. செவிமணியில் நிசப்தம். அவள் நிதானமாகப் பல் துலக்கினாள். பாட்டுக்கூடப் பாடினாள்.

மாதம் முடிந்தபோது நிறைகோல் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"புகார் ஒண்ணுகூட இல்ல சார், கவனிச்சீங்களா?" என்றாள் பெருமையாக.

"கவனித்தேன். வாங்கியிருந்தால்தானே புகார் செய்வதற்கு? இரண்டே வடிப்பான்கள் விற்றன. ஒன்றை வாங்கியவர் தூசிக்காக வாங்கவில்லை. தனியாக வசிக்கிறார், குறட்டைச் சத்தம் துணையாக இருக்கிறதாம்."

கோதண்டம் சிரிப்பை அடக்க இருமினார்.

"சந்தையில் பரிசுத்தம் என்றொரு வடிப்பான் இருக்கிறது," என்று நிறைகோல் தொடர்ந்தார். "நாங்கள் சோதித்தோம். நான்கு பங்குதான் தடுக்கிறது. ஆனால் ஒரு துகள்கூட நுழையாது என்று விளம்பரம் செய்கிறார்கள். இருப்பு தீர்ந்து, மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். பட்டறையை மூடும் நிலையில் இருக்கிறோம். எங்களால் பொய் சொல்ல முடியாது. உங்களால் முடியும். உங்களிடம் எல்லாரும் எதற்காக வருகிறார்கள் என்பது இப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பத்துக்குப் பத்து என்று நீங்கள் சொல்லுங்கள்."

பிலோமினா எழுந்தேவிட்டாள். "நீங்களுமா? மனுசங்க தொல்லை தாங்காமத்தான் உங்க பக்கம் வந்தேன்! முடியாது சார். வேற ஆளப் பாருங்க."

"மறுப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு," என்றார் நிறைகோல். கோபப்பட அவருக்குத் தெரியாது. "போகும் முன் ஒரு கேள்வி. எங்கள் பட்டறையைப் பார்த்தவர் நீங்கள். சோதித்தவர் நீங்கள். ஏழு பங்கு என்று ஊருக்குச் சொன்னவரும் நீங்கள். உங்கள் வீட்டில் இருப்பது எந்த வடிப்பான்?"

பிலோமினா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவளுக்குப் பொய்த்தடையெல்லாம் கிடையாது.

"சொல்லுங்க பிலோமினாம்மா," என்றார் கோதண்டம்.

"பரிசுத்தம்," என்றாள் மெதுவாக. "போன வாரந்தான் வரிசையில நின்னு வாங்கினேன்."

"தூசி வருகிறதா?"

"தெரியல. ராத்திரியெல்லாம் இருமல்தான்."

"அது தூசியால் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?"

"அதெப்படித் தூசியா இருக்கும்?" பிலோமினாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அதான் ஒரு துகள்கூட வராதுன்னு சொல்லியிருக்காங்களே!"