மீதியை விட்டுவிடவும்

"இன்றைய நடை முடிந்தது" என்றது நடையுறை. அதை அணிந்திருந்த சேந்தனின் முழங்கால்களில் உலோக மூட்டுகள் இறுகிக்கொண்டன. பக்கத்தில் அவன் மனைவி நறுமுகை, ஒரு காலை முன்வைத்தபடியே நின்றுபோனாள்.

சரிவின் கீழே, வெகு தொலைவில், நடப்பவர்கள் வெக்கைக்கு ஒதுங்கும் குளிர்மனையின் நீலக் கதவு நகத்தளவு தெரிந்தது.

"என்னங்க, முதுகு சுடுது."

அவள் உறையின் குளிர்நீர்ப்பை காலையில் முள்வேலியில் கிழிந்திருந்தது. போட்ட ஒட்டு இப்போது பிரிந்துவிட்டது. பை காலியானால் உறையே அடுப்பு. பொழுது சாயும்வரை அவள் தாங்கமாட்டாள்.

பரமக்குடிக்குத் தெற்கே அந்த வெட்டவெளியில் வெறும் உடம்போடு யாரும் நடப்பதில்லை. வெக்கை சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். நடையுறை உடம்பைக் குளிர்விக்கிறது, காலைத் தூக்கி வைக்கிறது. அதைவிட முக்கியமாக, எப்போது நிற்க வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. அந்த முடிவு மனிதர்கள் கையில் இருந்தபோது, 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்று நடந்தே பலர் செத்தார்கள்.

அப்படி முடிவு செய்ய உறைக்கு விதிகள் வேண்டும். மருத்துவர்கள் தாகத்தைக் கணக்கிட்டுத் தந்தார்கள், பொறியாளர்கள் மணலை. ஆனால் நிலம், சுமை, பசி, வழி தவறுவது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நின்ற நூல் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. மந்திரவாதிகளும் வாள்வீரர்களும் அலையும் ஒரு மேசை விளையாட்டின் விதிநூலில் வரும் பயண அத்தியாயம் அது. வரைபடத்தை அறுகோணக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். நிலத்துக்கும் சுமைக்கும் ஏற்ப, ஒரு நாளைக்கு இத்தனை கட்டம் நடக்கலாம். உறைகள் அதைப் பின்பற்றத் தொடங்கியதும் சாவு மளமளவென்று குறைந்தது.

அந்த அத்தியாயத்தை எழுதியவன் சேந்தன்.

"இன்னிக்கு நமக்கு மூணே முக்கால் கட்டம் வருது" என்றான். "முழு எண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு மீதியை விட்டுடணும்னு எழுதியிருக்கேன். அந்த முக்காலுக்குள்ளதான் கதவு இருக்கு."

"ஏங்க அப்படி எழுதுனீங்க?"

"பின்னத்துல கணக்குப் போட்டா ஆட்டம் சலிச்சுப்போகும், முகை."

"இப்ப சலிக்காம நல்லாத்தான் இருக்கு."

அவன் மனம் பரபரத்தது. "சுமையைக் குறைச்சா நாலு கட்டம் வரும்! எல்லாத்தையும் தூக்கி எறி!"

கைகள் பூட்டப்படவில்லை. கூடாரம், உணவுப் பொட்டலம், தண்ணீர்க் குடுவை எல்லாவற்றையும் இருவரும் கழற்றி எறிந்தார்கள். குடுவைகள் சரிவில் உருண்டு எட்டாத இடத்தில் போய் நின்றன.

"சுமை காலையில் கணக்கிடப்பட்டது" என்றது உறை. "நடுவழியில் கணக்கை மாற்றக் கூடாது."

நறுமுகை மெல்லத் தலையைத் திருப்பினாள். "இதுவும் நீங்கதானா?"

"நடுவுல மாத்தினா மேசையில சண்டை வரும்னு..."

"தண்ணியும் போச்சு. உங்க ஆட்டத்துல எப்பவும் நான்தான் முதல்ல சாவேன்." சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது.

"கட்டாய நடை!" என்று சேந்தன் கத்தினான்.

அதுவும் அவன் விதிதான். நாள் முடிந்த பிறகும் இன்னொரு கட்டம் நடக்கலாம், ஆனால் ஆளுக்கொரு பகடை விழ வேண்டும். வென்றவர் நடக்கலாம், தோற்றவர் நின்ற இடத்திலேயே நிற்பார். மறுநாள் இருவர் காலும் அசையாது. உறைகள் தமக்குள் பகடை உருட்டின. சேந்தனின் மூட்டு தளர்ந்தது. அவளுடையது தளரவில்லை.

"நீங்க போங்க."

"வாயை மூடு."

அவன் குனிந்து அவளை உறையோடு சேர்த்துத் தோளில் தூக்கினான். இந்தக் கனத்துக்குத் தன் கால்கள் அங்கேயே பூட்டிக்கொள்ளும் என்றுதான் நினைத்தான். பூட்டவில்லை. உறை அடியெடுத்து வைத்தது. சுமைக் கணக்கு காலையிலேயே முடிந்துவிட்டதே! நடுவழியில் ஏறியவள் கணக்கிலேயே இல்லை.

குளிர்மனையின் தரையில் படுக்கவைத்து, அவள் உறைக்குள் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சினான். வெகுநேரம் கழித்து அவள் கண் திறந்தாள்.

"விதியில் ஓட்டை கண்டறியப்பட்டது" என்றது உறை. "எல்லா நடையுறைகளிலும் அடைக்கப்பட்டது. நன்றி."

மறுநாள் உச்சிவேளையில், குளிர்மனையின் சன்னலுக்கு வெளியே, சரிவின் மேல் இரண்டு உருவங்கள் நின்றன. சேந்தனின் நடையுறையின் முகக்கண்ணாடி அவர்களைப் பெரிதாக்கிக் காட்டியது. ஒரு பெண் நின்றபடியே துவண்டிருந்தாள். கூட வந்தவன் குனிந்து அவளைத் தூக்கினான். குனிந்த நிலையிலேயே அவன் மூட்டுகள் இறுகின. அவன் வாய் திறந்து மூடுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை.

சேந்தன் எழப் பார்த்தான். ஓய்வு நாள், கால் அசையவில்லை. அவன் கை மார்புக் கொக்கிகளுக்குப் போனது.

"என்ன பண்றீங்க?"

"இங்க மாற்றுக் குளிர்நீர்ப்பை இருக்கு. குடுத்துட்டு வந்துடறேன்."

"வெறும் உடம்போடயா? பாதி வழி தாங்காதுங்க!"

"என் விதிதானே அவனைப் பிடிச்சு வெச்சிருக்கு, முகை. உறைக்குள்ள இருந்தா நானும் கேட்டுத்தான் ஆகணும்."

கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. காலி உறை சுவரோரம் நின்றது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் நீலக் கதவைத் தள்ளினான். வெக்கை உள்ளே அறைந்தது. கதவு மூடியது.

பூட்டிய கால்களோடு நறுமுகை கதவை நோக்கிக் கைகளால் ஊர்ந்தாள். அவள் காதருகே உறை கனிவாகச் சொன்னது:

"குழுவில் ஒருவர் குறைந்துவிட்டார். நாளை நீங்கள் வேகமாக நடக்கலாம்."