ஓய்வுக்கு நாற்பத்தொரு சாட்சிகள்

“வாழ்த்துகள். உங்கள் ஓய்வு ஏற்கப்பட்டது. நாளை காலை பத்து மணிக்கு வேலைக்கு வந்துவிடுங்கள்” என்றது சொல்நடுவன் இயந்திரம்.

கழுத்தில் மாலையோடு நின்ற செபமணிக்கு ஒன்றும் புரியவில்லை. “ஓய்வுன்னா வர வேண்டாம்னுதானே அர்த்தம்?”

“அது அகராதியில்.”

அகராதிப் பொருளை வைத்து வழக்குகள் பெருகியதால்தான் அலுவலகந்தோறும் இந்த இயந்திரத்தை வைத்தார்கள். ஒரு சொல்லைச் சொன்னவர்கள் அதன்பின் என்ன செய்தார்கள் என்று பார்த்து அது பொருள் சொல்லும். அதுவே சட்டம்.

“இந்த நில அளவை அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்கள் நாற்பத்தொரு பேர். மறுநாளே திரும்பி வந்தவர்களும் நாற்பத்தொரு பேர். ஆகவே ஓய்வு என்பது, கையெழுத்துப் போடாமல் அதே வேலையைப் பார்ப்பது.”

செபமணியின் சட்டைப்பையில், தூத்துக்குடியிலிருந்து புதிதாக விடப்பட்ட லட்சத்தீவுக் கப்பலுக்கு நாளைய தேதியிட்ட இரண்டு டிக்கெட்டுகள் இருந்தன. மனைவி ரோஸ்லினுக்கு முப்பது வருடமாகச் சொல்லிவந்த பயணம்.

“இந்தப் பொருள் எப்ப மாறும்?”

“பாதிப் பேருக்கு மேல் ஒருநாள் வேறு மாதிரி நடந்தால். நாளை பத்து மணிக்குக் கணக்கெடுப்பு.”

செபமணி கேன்டீனுக்கு ஓடினார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்ற பொன்னுலிங்கம், வரைபடத்தை எப்படி மடிப்பது என்று யாருக்கோ பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, நாளைக்கு ஒருநாள் எல்லாரும் வீட்டுல இருங்களேன்.”

“வீட்டுலயா? அங்க எனக்கு என்னல வேலை?”

“அப்ப கப்பலுக்கு வாங்க!” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார் செபமணி.

“கப்பல்ல டீ உண்டா?”

மறுநாள் பத்து மணிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் நாற்பத்தொரு பேரும் பெட்டியும் டிக்கெட்டுமாக நின்றார்கள். செபமணியின் கைக்கருவியில் செய்தி வந்தது: ‘பொருள் திருத்தப்பட்டது. ஓய்வு: முன்னாள் ஊழியர் அனைவரோடும் கப்பலேறுதல். இனி ஓய்வு பெறும் அனைவருக்கும் இது கட்டாயம்.’

ரோஸ்லின் கூட்டத்தைப் பார்த்தாள். “இத்தனை நாளும் ஆபீசை வீட்டுக்குத்தான் கொண்டாந்தீங்க. இப்ப கப்பலுக்குமா?” என்றவள், சிரிப்பை அடக்க முடியாமல் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கப்பல் நகர்ந்ததும் பொன்னுலிங்கம் பையிலிருந்து நீளமான வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்தார். “எலே, எல்லாரும் வரிசையா வந்து கையெழுத்துப் போடுங்கல!”

ரோஸ்லின்தான் முதலில் பேனாவை வாங்கினாள். கணவர் பெயருக்கு நேரே எழுதினாள்: ‘முப்பது வருடம் தாமதம்.’